சின்ன மெஷினே போதும்

"'ஒரு மெஷின் வாங்கக்கூட இந்த வீட்டுல எனக்கு உரிமை இல்லையா, ஹார்பர்ல காலமெல்லாம் கிரேன் ஓட்டுனவனுக்கு எந்த மெஷின் வேணும்னு தெரியாதா'ன்னு கேக்குதீங்களே," என்று லியோன் மச்சாதுவின் வார்த்தைகளை ஒரு சொல் பிசகாமல், அவருடைய மூக்கடைத்த குரலிலேயே, ஹார்டுவேர் கடையின் நடுவில் நின்று திருப்பிச் சொன்னாள் அவர் மனைவி டெல்ஃபின். "நானும் அதைத்தான் கேக்குதேன். துருப்பிடிச்ச கேட்டு ஒண்ணு, ஜன்னல் கிராதி நாலு, ஆட்டம் போடுற கட்டில் ஒண்ணு. இதை ஒட்டுறதுக்கு யானைக்குட்டி மாதிரி மெஷின் என்னத்துக்கு?"

கடைக்காரர் தங்கபாண்டி புருசன் பொண்டாட்டிச் சண்டைக்கு நடுவில் வியாபாரம் முடித்துப் பழகியவர். மூன்று வெல்டிங் மெஷின்களை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, துணியால் துடைப்பதுபோல ஒதுங்கி நின்றிருந்தார். பெரியது பழைய தினுசு, உள்ளே செம்புச் சுருள், தூக்க இரண்டு ஆள் வேண்டும், வீட்டுக் கரண்டு தாங்காது. நடுவிலிருந்தது வீட்டுக் கரண்டிலேயே ஓடும், கனத்த இரும்பையும் உருக்கும், அதற்கேற்ற விலை. கடைசியில் சாப்பாட்டுக் கேரியர் அளவில், தோளில் மாட்ட ஒரு வாரோடு, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்று.

"அக்கா சொல்றது சரிதான் சார். முதல் மெஷின், அதுவும் வீட்டு ரிப்பேருக்குன்னா சின்னதே போதும். மெல்லிசு வெல்டிங் ராடு அழகா எரியும். தடிச்ச பட்டையை ஒட்டணும்னாதான் நடுவுல உள்ளது வேணும். தடிச்ச இரும்புல இந்தச் சின்னது மேலாப்புல ஒட்டும், உள்ள இறங்காது. சுத்தியலால ஒரு தட்டு தட்டுனா விழுந்துரும்."

"எங்க வீட்டுல தடிச்ச இரும்பு எங்க இருக்கு?"

லியோன் தெருவைப் பார்த்தார். உப்பு லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையில் டெல்ஃபினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தடித்த இரும்பு வீட்டில் இல்லை. வீட்டுக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்தில், அவர் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில், காலியாகக் கிடக்கிற இடத்தில் நடப்போகிற சிலுவைக்குத்தான் அது.

அவள் அட்டைப்பெட்டியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கான்வென்டில் சிஸ்டர்மார் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷால் பொடியெழுத்தை வாசித்தாள். "பத்து நிமிஷத்துல மூணு நிமிஷம் வேலை, ஏழு நிமிஷம் ரெஸ்ட்டாம். சூடானா மஞ்ச லைட் எரியுமாம், அது அணையுற வரைக்கும் தொடப்படாதாம். மெஷினா இது, எங்க அத்தை வீட்டு மாப்பிள்ளையா?" தங்கபாண்டி மட்டும் சிரித்தார். "இதையே கட்டுங்க. எங்களுக்குச் சின்ன மெஷினே போதும்."

தூத்துக்குடியின் அந்தத் தெருவில் இரும்பு நெடுநாள் வாழ்வதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் வீசுகிற காற்று கேட்டையும் கிராதியையும் கிணற்று ராட்டினத்தையும் பெயிண்டுக்கு உள்ளேயே புகுந்து தின்றுகொண்டிருக்கும், பட்டறைக்காரரைக் கூப்பிட்டால் சின்ன வேலைக்கு யார் வருவது என்பார், அதனால் அவரவர் வீட்டுக் கேட்டை அவரவரே கயிறு போட்டுக் கட்டிவைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபின் வீட்டுக் கேட்டைக் கட்ட ஆளில்லை. கட்டுகிறவன் எட்வின், அவர்களுடைய ஒரே பிள்ளை, வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட தோணியில் போனவன். வைகாசிக் காற்றில் அந்தத் தோணி போய்ச் சேரவில்லை, திரும்பவுமில்லை. பின்னால் போன இன்னொரு தோணிக்காரர்கள் வெங்காயம் மிதந்ததைப் பார்த்தோம் என்றார்கள். வெங்காயம் யாருடையதாகவும் இருக்கலாம் என்றாள் டெல்ஃபின். கூடப் போனவர்களின் வீடுகளில் மரித்தோர் பூசை வைத்து அழுது முடித்துவிட்டார்கள். அவள் பூசையும் வைக்கவில்லை, அழவும் இல்லை. ஆள் இல்லாத குழிக்குச் சிலுவை எதற்கு என்று ஒரே ஒரு தடவை லியோனிடம் கேட்டாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் வாய்க்கு வெளியே எடுக்கவில்லை, மெஷினைப் பற்றி மட்டும்தான் சண்டை போட்டார்கள்.

மெஷின் வந்த அன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்து தெரு முழுக்க நிழலாகிவிட்ட நேரத்தில், லியோன் கேட்டைத் தூக்கி நிறுத்தி, முகமூடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீல் மேல் ராடை உரசினார். தெருவிலுள்ள பல்புகள் எல்லாம் ஒரு நொடி மங்கின. நீல வெளிச்சம் எதிர்வரிசை உப்புக் கிட்டங்கியின் நீண்ட வெள்ளைச் சுவரில் போய் அடித்தது, சுவரில் லியோனின் நிழல் விழுந்தது, கேட்டின் நிழல் விழுந்தது, பிறகு, கேட்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து, சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு தோள் சரிந்தாற்போல நிற்கும் இன்னொரு ஆளின் நிழலும் விழுந்தது. அந்த இடத்தில் ஆள் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா, கொடியிலிருந்து துணி எடுக்க வந்தவள், சேலையைத் தோளில் போட்டபடியே பார்த்தாள். "அது உங்க மாமனார்லா?"

"அவருதான்," என்றாள் டெல்ஃபின். "கேட்டு அவர் வச்சது. சரியா ஒட்டுதானான்னு பாக்க வந்திருப்பாரு. உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான், வேலை செய்யுத ஆளு தலைமேலயே நின்னுகிட்டு."

ராடு எரிந்து முடிந்தது, நிழலும் போயிற்று. லியோன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அவருக்குக் கண்ணாடி வழியாக உருகும் இரும்பு மட்டும்தான் தெரியும். சொன்னதும் சுவரைப் பார்த்தார், சரி என்றார், அடுத்த கீலுக்குப் போனார்.

மறுநாள் ஹில்டா அக்கா தன் புருசன் பத்து வருசம் உட்கார்ந்து பேப்பர் படித்த இரும்பு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கால் விட்டுப்போச்சு என்றாள். ஒட்டும்போது சுவரில் அவர் வந்து, நாற்காலியின் நிழலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஹில்டா அக்கா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, காப்பித்தூள் டப்பாவுக்குள் ஒளித்துவைத்துப் பீடி குடித்ததிலிருந்து ஆரம்பித்து அவரை ஒரு பாடு ஏசினாள், ராடு அணைந்ததும் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாள்.

அதன் பிறகு தெரு வந்தது. தையல் மெஷினின் மிதிகட்டை, வாளிக் கைப்பிடி, இட்லிக் கொப்பரையின் காது, இடியாப்ப உரல், செத்துப்போன ஆளின் ஊன்றுகோல் பூண், குழந்தைத் தொட்டிலின் கொக்கி என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எந்தச் சாமான் ராடுக்கடியில் வைக்கப்பட்டதோ அந்தச் சாமானுக்குரிய ஆள் சுவரில் வந்து, அந்தச் சாமானை வைத்து என்ன செய்வாரோ அதைச் செய்துவிட்டுப் போனார். பேசினால் கேட்பதில்லை, கேட்டால் சொல்வதில்லை. மாமியார் ரெட்டைவடச் சங்கிலியை எங்கே வைத்தாள் என்று தெரிந்துகொள்ள உரலோடு வந்த மருமகள் ஒருத்தி, கிழவி சாவகாசமாக இடியாப்பம் பிழிந்ததைப் பார்த்துவிட்டு, தலையிலடித்துக்கொண்டு போனாள். மெயின் ரோட்டுப் பட்டறைக்குச் சிலர் சாமான்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அங்கே பெரிய மெஷின், பெரிய வெளிச்சம், ஆனால் சுவரில் உயிரோடிருப்பவர்கள் மட்டுமே விழுந்தார்கள். கிட்டங்கிச் சுவரில் ஏறியிருக்கும் உப்புதான் காரணம் என்று ஒருவர் சொன்னார், சின்ன மெஷின் என்பதால் என்று இன்னொருவர் சொன்னார், அதற்குமேல் யாரும் காரணம் தேடிக்கொண்டிருக்கவில்லை, தேடுவதற்கு நேரமும் இல்லை, சாயங்காலமானால் தெருவில் எல்லோரும் மிக்சியையும் அயர்ன் பாக்ஸையும் நிறுத்தி மெஷினுக்குக் கரண்டு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சுவரைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்துவிட்டவர்கள் கண்ணில் மணல் கொட்டினாற்போல் கதறிக்கொண்டு, உருளைக்கிழங்கு வில்லைகளைக் கட்டிப் படுத்தார்கள், அந்த மாதம் தெருக் கடையில் உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை. பங்குச்சாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தன் அம்மாவின் அரிவாள்மணையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரே வந்தார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், சுவரைப் பார்ப்பது பாவமில்லை, பூசை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

ஹில்டா அக்கா வரிசையைப் பார்த்துக்கொண்டாள். மெஷின் மூச்சு வாங்குகிற இடைவேளைகளில் முறுக்கு விற்றவளும் அவள்தான். சில வாரங்களில் தெருவில் ஒட்ட வேண்டியது எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று, ஆடாத கட்டில்கள், கிரீச்சிடாத கதவுகள், காது போகாத சட்டிகள், ஊரிலேயே உருப்படியான இரும்பு இந்தத் தெருவில்தான் என்றானது. உடனே ஒட்டியதை உடைக்க ஆரம்பித்தார்கள். ஹில்டா அக்காவின் நாற்காலிக் கால் வாரம் ஒருமுறை விட்டுப்போனது.

"அக்கா, அந்த நாற்காலி ஒடையுதா, நீங்க ஒடைக்கீங்களா?" என்றாள் டெல்ஃபின்.

"வயசாயிட்டுல்லா, அதுவா விட்டுருது."

"யாருக்கு வயசாயிட்டு, நாற்காலிக்கா?"

டெல்ஃபின் ஏசிக்கொண்டேதான் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தாள். வாசல் முழுக்கக் கசடு, படியெல்லாம் செருப்பு, குடிக்கத் தண்ணீர் கேட்டு மாளவில்லை என்று பொரிந்து தள்ளுவாள். ஆனால் சாயங்காலமானால் முதல் ஆளாகச் சுவருக்கு எதிரே போய் நின்றுகொள்வாள், ஒவ்வொரு ராடு எரியும்போதும் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பாள், வெளிச்சம் அணைந்ததும் கடித்ததை விடுவாள். தெருவின் செத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். எட்வின் வரவில்லை.

"எல்லாரும் வந்துட்டாவ. என் பிள்ளை வரலை," என்றாள் ஹில்டா அக்காவிடம். "அப்பம் என்ன அர்த்தம்? சொல்லுங்க."

"அதான் பிள்ள. இருக்கான்னுதான் அர்த்தம்," என்று ஹில்டா அக்கா அவசரமாகச் சொன்னாள். நின்றவர்களும் ஆமா ஆமா என்றார்கள். லியோன் ராடு மாற்றுவதற்காகக் குனிந்தவர் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்தபடி இருந்தார்.

அந்த நம்பிக்கையில் டெல்ஃபின் எட்வினின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பிடித்த சீலா மீன் வாங்கிக் கூடுதலாக ஒரு துண்டு பொரித்தாள், எங்கேயாவது ஒரு தீவில் பேச்சுத் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டிருப்பான், வந்ததும் முதுகில் நாலு வைக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். கல்லறைத் திருநாள் நெருங்கியபோது பங்குச்சாமியார், பூசையில் வாசிக்கும் மரித்தோர் பெயர்களில் எட்வின் பெயரைச் சேர்க்கவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க அம்மா வந்தாவள்லா சாமி, அவுகளைக் கேளுங்க, எம் பிள்ளையை அங்க பாத்தாவளான்னு," என்றாள். சாமியார் பெயர்ப்பட்டியலை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு எஸ்தர் வந்தாள். கோடித் தெருவில் இருப்பவள், புருசன் கொச்சிக்கு வேலைக்குப் போனவன், நாலு வருசமாக ஆளும் இல்லை பேச்சும் இல்லை. அவனுடைய பம்ப் அடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். ராடு முழுக்க எரிந்தது. சுவரில் லியோன் விழுந்தார், அடுப்பு விழுந்தது, வேறு யாரும் இல்லை. இன்னொரு ராடு போட்டார்கள், அப்போதும் இல்லை. எஸ்தர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், நாசமாப் போறவன் இருக்கான் என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவனையும் அவன் வைத்திருக்கக்கூடிய பொம்பளையையும் மனசாரச் சபித்தாள், பிறகு அந்தச் சந்தோஷத்தில் டெல்ஃபினின் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீங்களும் எட்வின் சாமான் ஒண்ணு கொண்டு வச்சுப் பாருங்கக்கா. இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சு போகும்லா."

முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சுவரில் அத்தனை பேர் வந்ததும் எட்வின் வராததும் ஏன் என்று தெருவில் எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும். அவன் சாமான் எதுவும் இதுவரை ராடுக்கடியில் வைக்கப்படவில்லை. கான்வென்டில் கணக்கில் முதலாவதாக வந்த டெல்ஃபினுக்கும் தெரியும்.

"எங்க வீட்டுல ஒடைஞ்ச சாமான் எதுவும் இல்ல," என்று கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உடைந்த சாமான் இருந்தது. பின்கட்டில், பழைய போர்வை போர்த்தி, எட்வினின் சைக்கிள் நின்றது. தோணிக்குப் போகிற அன்று காலையில் கேரியரின் ஒரு கால் முறிந்துவிட, "கேரியரை மட்டும் ஒட்டி வைங்கம்மா, வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனான். மற்ற நாட்களில் அந்தச் சைக்கிளில்தான் தோணித்துறைக்குப் போவான். ஏறி உட்கார்ந்து, ஒரு காலைக் கேட்டுத் திண்டில் ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவான், சாப்பாட்டுத் தூக்குவாளியை அந்தக் கையில் அவள் மாட்ட வேண்டும். "திரும்பிப் பாத்து வாங்குனா கழுத்து சுளுக்கிக்கிடுமோ துரைக்கு?" என்று தினமும் கேட்பாள். தினமும் மாட்டுவாள்.

அடுத்து வந்த நாட்களில் தெரு மெஷின் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஹில்டா அக்காவின் நாற்காலிகூட உடையாமல் இருந்தது. டெல்ஃபின் கறி தாளிக்கும்போதும் துணி பிழியும்போதும் பின்கட்டுக் கதவை முதுகில் உணர்ந்தபடியே இருந்தாள். வைக்காதவரை அவன் இருக்கிறான். வைத்தால் எஸ்தரைப்போலத் தரையில் உட்கார்ந்து சிரிக்கலாம். அல்லது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், சகல புனிதர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள், கொல்லையில் லியோன் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் இரண்டு தடித்த இரும்புப் பட்டைகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டும் சேரவேண்டிய இடத்தில் பறவை எச்சம்போலக் கசடு அப்பியிருந்தது. அவர் அவற்றை ஒட்டிப் பார்த்திருக்கிறார், விழுந்திருக்கிறது, மறுபடி ஒட்டியிருக்கிறார், மறுபடி விழுந்திருக்கிறது. சுற்றிலும் எரிந்துபோன ராடுகளின் மொட்டைகள். மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்ன மெஷின் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும், வாயில் எப்போதும் பதில் இருக்கும். அவர் சுத்தியலால் கசடை மெதுவாகத் தட்டினார், குட்டைப் பட்டை கழன்று மண்ணில் விழுந்தது, அதை எடுத்துத் துடைத்து, மறுபடி நீளப் பட்டையின் குறுக்கே வைத்து, விளக்கு அணைவதற்காகக் காத்திருந்தார்.

டெல்ஃபின் முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே பின்கட்டுக்குப் போனாள், போர்வையை உருவினாள், காற்றில்லாத டயரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளாகவே நடந்து வாசலுக்கு வந்தாள்.

"சாயங்காலம் இதை ஒட்டுங்க," என்றாள். "ஒட்டி வைக்கச் சொல்லிட்டுல்லா போனான்."

வெயில் தாழ்ந்ததும் தெரு வந்தது. கூப்பிடாமலே மிக்சிகள் நின்றன, டிவிகள் நின்றன, கரண்டு முழுக்க அவர்கள் வீட்டுக்கு வந்தது. பங்குச்சாமியார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லியோன் சைக்கிளைக் கேட்டுத் திண்டோரம் நிறுத்தி எர்த் கிளிப்பை மாட்டினார், முறிந்த காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார், யாரோ முன்னால் வந்தார்கள், டெல்ஃபின் அவர்களைத் தள்ளிவிட்டு இரும்புக் குறட்டை வாங்கித் தானே பிடித்தாள், இரண்டு கையாலும் பிடித்தாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பத்த வைங்க."

பல்புகள் மங்கின. நீல வெளிச்சம் சுவரில் அடித்தது. லியோனின் குனிந்த நிழல் விழுந்தது, முக்காடு போட்ட அவள் நிழல் விழுந்தது, சைக்கிள் விழுந்தது, சைக்கிளின் சீட்டில் எதுவும் இல்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் எதுவும் இல்லை. அவள் சிரிக்கத் தயாரானாள், உதடு விரியவும் தொடங்கியது, அப்போது சீட்டின் மேல் அவன் இருந்தான். முன்பைவிட முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது, காலரைத் தூக்கிவிட்டிருந்தான், ஒரு காலைத் திண்டில் ஊன்றியிருந்தான். பொறுமையில்லாமல் பெடலை ஒரு பாதி பின்னோக்கிச் சுற்றினான். பிறகு, திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பின்னால் நீட்டினான்.

அவள் கையில் குறடுதான் இருந்தது. அவன் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது, விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன, கொண்டாங்க என்பதுபோல. அவள் குறட்டை விட்டாள், கேரியர் சரிந்தது, நெருப்பு அறுந்து சுவர் வெறும் சுவராயிற்று. மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

யாரும் அசையவில்லை. டெல்ஃபின் மட்டும் வீட்டுக்குள் ஓடினாள், ஆணியில் மாட்டியிருந்த தூக்குவாளியை எடுத்தாள், மத்தியானச் சோற்றை அள்ளி அமுக்கினாள், பொரித்து மிச்சம் வைத்த அந்தக் கூடுதல் துண்டை மேலே வைத்தாள், மூடியை அழுத்திக்கொண்டே வாசலுக்கு வந்து, கூட்டத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கிட்டங்கிச் சுவருக்குப் பக்கத்தில், அவன் கை இருந்த உயரத்துக்குத் தூக்குவாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹில்டா அக்கா தரையைப் பார்த்தாள். லியோன் முகமூடியைத் தூக்கவே இல்லை, அதற்குக் கீழே அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் சின்ன விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது, மஞ்சள் விளக்கு அணையவில்லை.

"இன்னும் ஒரே ஒரு ராடு வைங்க," என்றாள். "கையில குடுத்துட்டு வந்துருதேன்."